வீல் போல்ட்டை எடுத்துட்டு ஸ்டட்டும் நட்டும் போடலாமா? மலைப்பக்கம் ஓடுற பழைய கார்க்காரங்களுக்கு

2024 மே 19

பண்டாரவளையில இருந்து ஒருத்தர் கேட்டது: "பிஎம்டபிள்யூ ஈ36 வச்சிருக்கேன். மழையில, ஏத்தத்துல நின்னு டயர் மாத்தும்போது ஒரு கையால வீலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மறு கையால போல்ட் துளையைத் தேடுறது பெரிய தொல்லையா இருக்கு. ஸ்டட் போட்டா இந்தத் தொல்லையும் போகும், பலமும் கூடும்னு டயர் கடையில சொல்றாங்க. மாத்தலாமா?"

மாத்தலாம். ஸ்டட்னா தலையில்லாத, ரெண்டு முனையிலயும் மரை (திருகுவரி) உள்ள கம்பி. ஒரு முனை ஹப்புக்குள்ள, அதாவது வீல் வந்து உட்காருற சுழலும் துண்டுக்குள்ள ஏறும். மறு முனையில நட்டைப் போட்டு வீலை இறுக்கணும். நானும் அதே மாடல் காரைத்தான் ஹட்டன் பக்கம் ஓட்டுறேன், மாத்தியும் இருக்கேன். ஆனா பலம் கூடும்னு நம்பி மாத்தாதீங்க. வீல் அந்த அஞ்சு போல்ட்டுல தொங்கிக்கிட்டு இருக்குன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. போல்ட் வீலை ஹப்போட சேர்த்து அழுத்திப் பிடிக்குது, அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் காரைச் சுமக்குது. எம்12 (12 மில்லிமீட்டர் தடிப்பு) போல்ட்டை உலர்ந்த மரையில 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினா ஒவ்வொண்ணும் ஏறத்தாழ நாலரை தொன் அழுத்தம் கொடுக்கும். அஞ்சுக்கும் சேர்த்தா 22 தொன்னுக்கு மேல. அதே அளவு, அதே கிரேட் (இரும்போட பலத் தரம்) ஸ்டட்டுல நட்டைப் போட்டு இறுக்கினாலும் இதே கணக்குத்தான். ஒரு கிலோகூட அதிகமாகாது.

கிடைக்கிறது வேற ரெண்டு விஷயம். வீலைத் தூக்கி ஸ்டட்டுல மாட்டிட்டா அது அங்கேயே நிக்கும், ரெண்டு கையும் விடுதலை. அடுத்தது, என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெருசு: ஹப்புக்குள்ள இருக்கிற மரை தேயாது. அதைப் பத்தி நாளைக்கு எழுதுறேன்.

2024 மே 20

ஹப் மரை கதை.

போல்ட் போட்ட கார்ல ஒவ்வொரு தடவை வீலைக் கழட்டி மாட்டும்போதும் ஹப்போட மரைதான் வேலை செய்யுது. தேயுறதும் அதுதான். போல்ட் கெட்டா இன்னொரு போல்ட் வாங்கிக்கலாம். ஹப் மரை போனா ஹப்பே போச்சு. ஸ்டட் போட்டுட்டா அது ஹப்புக்குள்ள ஒரு தடவை இறங்கினதோட சரி, அப்புறம் கழட்டி மாட்டுறதெல்லாம் ஸ்டட்டோட வெளி மரையில. அது கெட்டா ஒரே ஒரு ஸ்டட்டை மாத்தினா போதும்.

எனக்கு நடந்தது இது. டவுன்ல ஒரு டயர் கடையில (பேர் வேண்டாம்) பஞ்சர் போட்டுட்டு வீலை மாட்டினாங்க. அங்க வேலை செஞ்ச பையன் போல்ட்டைக் கையால ஒரு சுத்துக்கூட விடல. சொக்கெட்டுல சொருகி அப்படியே ஏர் கன்னை (காத்து அழுத்தத்துல இறுக்குற கருவி) வச்சு ஓட்டினான். பின் இடது வீல்ல ஒரு போல்ட் கோணலா ஏறிடுச்சு. கன்னுக்கு அது தெரியாது, 'டகடக'ன்னு அடிச்சு உள்ள தள்ளிடும். கொஞ்ச நாள் கழிச்சு பிரேக் ஷூ பார்க்க வீலைக் கழட்டினேன். அந்தப் போல்ட் கடைசி வரைக்கும் முரண்டு பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. வெளியே எடுத்துப் பார்த்தா அதோட பள்ளத்துல ஒரு வெள்ளிக் கம்பிச் சுருள் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஹப்போட மரை அது, உரிஞ்சு வந்திருக்கு. விரலால இழுத்தா ஸ்பிரிங் மாதிரி நீளுது.

ஈ36ல முன் ஹப்னா பெயாரிங்கோட சேர்ந்த ஒரே துண்டு, மாத்தலாம். பின்பக்கம் வீல் உட்காருற ஃப்ளேஞ்சை (ஹப்போட தட்டு) இழுத்தா பெயாரிங்கும் சேர்ந்து கெட்டுடும். ஆக ஒரு போல்ட் கோணலா ஏறினதுக்கு ஃப்ளேஞ்ச், பெயாரிங், பிரெஸ் கூலி எல்லாம் தண்டம். கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய சாமான் தேடி அலைஞ்சது தனிக்கதை. 2020 மார்ச்சுல இலங்கையில வாகன இறக்குமதியை நிறுத்தினதுக்கு அப்புறம் பழைய கார் எதையும் யாரும் உடைச்சு விக்கல, உடைக்க வேண்டியதைக்கூடத் திருத்தி ஓட்டினாங்க. நல்ல ஹப் கிடைக்கிறது குதிரைக்கொம்பா இருந்துச்சு.

அந்த ஹப்பை மாத்தின கையோடதான் ஸ்டட் போட முடிவு பண்ணினேன்.

2024 மே 20, ராத்திரி

மேல எழுதினதை வச்சு ஒருத்தர், "அப்போ மரை போன ஹப்புக்கு ஸ்டட் போட்டுப் பசை வச்சு ஒட்டிடலாமே"ன்னு கேட்டிருக்கார்.

வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம். மரை போன துளையில ஸ்டட்டும் நிக்காது. பசை மரை சுத்துறதைத்தான் தடுக்கும், நாலரை தொன் இழுப்பைத் தாங்காது. நல்ல மரையை நல்லா வச்சிருக்கத்தான் ஸ்டட். கெட்ட மரைக்கு அது மருந்தில்ல.

2024 மே 22

கம்பளையில இருந்து ஒரு அண்ணன் சொல்றார்: "இவ்வளவு செலவு எதுக்கு? பென்ஸ் டூல் பையில ஒரு பின் வருமே, அது போதும்."

அண்ணே, சரியாச் சொன்னீங்க. முதல் கேள்விக்கு இதுதான் மலிவான பதில். அந்தப் பின் ஒரு பக்கம் மரை, மறுபக்கம் வழுவழுப்பு. மேல இருக்கிற துளையில கையால திருகிட்டு, வீலை அதுல மாட்டித் தொங்கவிட்டு, மத்த நாலு போல்ட்டையும் கையால ஏத்திட்டு, பின்னைக் கழட்டி அஞ்சாவதைப் போடணும். பென்ஸ்ல குடுக்கிறது உலோகம், வொக்ஸ்வேகன் சிலதுல பிளாஸ்டிக்ல வரும். பழைய கார் வாங்கும்போது பெரும்பாலும் அது பையில இருக்காது. லேத் பட்டறையில, சரியான மரையுள்ள பழைய போல்ட்டைக் கொடுத்து தலையை வெட்டி, நுனியில ஸ்குரூட்ரைவருக்கு ஒரு கோடு போடச் சொன்னா முடிஞ்சுது. பாரம் தாங்கப் போறதில்ல, அதனால இதுக்கு லேத் வேலை தாராளமாப் போதும்.

இன்னொண்ணும் பாருங்க. பிரேக் டிஸ்கை ஹப்போட பிடிக்கிற ஒரு சின்ன ஆலன் ஸ்குரூ (தலையில அறுகோணத் துளை உள்ளது) உண்டு. பழைய கார்கள்ல பாதிக்கு மேல அது இருக்காது. துருப்பிடிச்சு கழட்ட வராம யாரோ வெட்டி எறிஞ்சிருப்பாங்க. அது இல்லாட்டி வீலை எடுத்ததும் டிஸ்க் தானே சுத்தி, ஹப் துளையை மறைச்சுடும். அப்புறம் வீல் துளை, டிஸ்க் துளை, ஹப் துளை மூணையும் ஒரே நேர்ல கொண்டுவரணும். பண்டாரவளைக்காரர் படுற பாட்டுல பாதி இதனாலதான்னு நினைக்கிறேன். முதல்ல அந்த ஸ்குரூவைப் பாருங்க.

2024 ஜூன் 2

பட்டறையில ஸ்டட் கடைஞ்சு போடலாமான்னு மூணு பேர் கேட்டாச்சு. நம்ம ஊர் லேத் பாஸ்மார் (பட்டறை மேஸ்திரிமார்) கைவேலையில எனக்கு மரியாதை உண்டு. தேயிலைத் தோட்டத்துப் பேக்டரி ரோலருக்கு ஷாஃப்ட் கடையிறவங்க அவங்க. ஆனா இந்த வேலைக்குக் கையைவிட இரும்புதான் முக்கியம்.

கணக்கைப் பாருங்க. எம்12, 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 1.5 மில்லிமீட்டர்) மரையில இழுப்பைத் தாங்குற குறுக்குப் பரப்பு 88 சதுர மில்லிமீட்டர். 10.9 கிரேட் இரும்பா இருந்தா நிரந்தரமா நீளாம சுமார் 73 கிலோநியூட்டன் தாங்கும். 8.8னா 51 சொச்சம். சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பின்னா 20 கிட்டத்தான். நமக்கு வேண்டிய இறுக்கம் 45, அதாவது முன்ன சொன்ன அந்த நாலரை தொன். அப்போ மைல்ட் ஸ்டீல்ல கடைஞ்ச ஸ்டட் 110ல பாதி வர்றதுக்கு முன்னாடியே நீள ஆரம்பிச்சுடும். கையில தெரியும் அது: நட் சுத்திக்கிட்டே போகும், இறுகுற மாதிரியும் இருக்கும், இறுகாது. "இன்னும் கொஞ்சம்"னு இன்னொரு கால் சுத்து விட்டா கழுத்து மெலிஞ்சுடும். அன்னைக்கே உடைஞ்சா புண்ணியம். உடையாம ரெண்டு மாசம் ஓடி, கினிகத்தேனை இறக்கத்துல உடைஞ்சா?

போல்ட்டுன்னா தலையில 10.9ன்னு எழுதியிருக்கும். ஸ்டட்டுக்குத் தலை இல்ல. நல்ல தயாரிப்பாளர் நுனியில அடிச்சிருப்பாங்க, இல்லாட்டிப் பெட்டியில எழுதியிருப்பாங்க. எங்கேயும் எழுதலைன்னா நான் வாங்க மாட்டேன், எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் சரி. மரையும் வெட்டினதா உருட்டினதான்னு பாருங்க. உருட்டின மரையில பள்ளம் வழவழன்னு இருக்கும், அதுதான் களைச்சு வெடிக்காம நிக்கும். லேத்துல வெட்டின மரையோட அடிப்பள்ளத்துல நகத்தை வச்சு இழுத்தா சொரசொரப்பு தட்டும்.

மரைக்கு எண்ணெய் போடாதீங்க. எண்ணெய் போட்ட மரையில அதே 110க்கு 60 கிலோநியூட்டன் வரைக்கும் இழுப்பு ஏறும், ஏன்னா உராய்வுல வீணாகிற பங்கு குறையுது. 10.9 அதையும் தாங்கும். 8.8 தாங்காது.

2024 ஜூன் 3

"எங்கப்பா முப்பது வருசமா மொரிஸ் மைனருக்கு எண்ணெய் போட்டுத்தான் இறுக்கினார், ஒண்ணும் ஆகல"ன்னு நாவலப்பிட்டியில இருந்து ஒரு தம்பி. உங்க அப்பா காரோட வந்த வீல் ஸ்பேனர்ல, கை அளவுல இறுக்கியிருப்பார். கை நீளம் ஒரு அடி சொச்சம் உள்ள ஸ்பேனர்ல சாதாரண ஆள் கொடுக்கிற இறுக்கம் எண்ணெய் மரைக்குப் பொருந்திப் போயிருக்கலாம். மொரிஸ்ல பிறப்பிலேயே ஸ்டட்டும் நட்டும்தான், வீலும் தகர வீல். அலோய் ரிம்மும் ஏர் கன்னும் சேர்ற இடத்துலதான் என் பயமெல்லாம்.

2024 ஜூன் 16

நட் பத்தி. இதுலதான் ஆட்கள் அதிகமா ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

ஈ36க்கு ஸ்டட் போட்டா வெளி மரை எம்12, 1.5 பிட்ச். இது டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் மிட்சுபிஷிக்கும் உள்ள அதே மரை. நம்ம நாட்டுல எந்த டவுனுக்குப் போனாலும் அந்த நட் கிடைக்கும். அதுதான் சௌகரியம், அதுதான் கண்ணியும்.

மரை ஒண்ணா இருந்தா போதாது. நட்டோட வாய், ரிம்மோட துளை வாயில உட்காரணும். பிஎம்டபிள்யூ ரிம் 60 பாகை கூம்பு. ஹொண்டா நட் உருண்டை வாய். ஹொண்டா நட்டை இந்த ரிம்ல போட்டா மரை சுகமா ஏறும், இறுகவும் செய்யும், ஆனா வாய் முழுசா ஒட்டாது. மெல்லிய ஒரு வளையக் கோட்டுலதான் தொடும். அந்தக் கோடு அலோயை நசுக்கிக்கிட்டே போகும், இறுக்கம் தளர்ந்துக்கிட்டே போகும். டொயோட்டா கம்பெனி அலோய்க்கு வர்ற நட்டுல தட்டையான வாஷரும் நீளக் கழுத்தும் இருக்கும், அதுவும் சேராது. டொயோட்டா தகர வீலுக்கு வர்ற கூம்பு நட்டுத்தான் நமக்கு. ஒரு சின்னச் சோதனை: நட் வாயில மார்க்கர் பேனாவால மை பூசி, கையால இறுக்கிக் கழட்டிப் பாருங்க. ரிம்ல அகலமான பட்டையா மை பட்டிருந்தா சரி. மயிரிழைக் கோடுன்னா அந்த நட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

பிட்ச்சும் கவனம். சுசுக்கி, நிஸ்ஸான் நட் எம்12தான், ஆனா 1.25 பிட்ச். 1.5 ஸ்டட்டுல ஒண்ணு ரெண்டு சுத்து ஏறிட்டு இறுகும். கையால போட்டா உடனே புரிஞ்சுடும். கன்னால போட்டா புரியாது, மரையை அரைச்சுக்கிட்டு உள்ள போயிடும். சுசுக்கி ஓல்டோ, வெகன் ஆர் நட்டெல்லாம் ஒரே டப்பாவுல கலந்து கிடக்கிற கடைகள் நம்ம பக்கம் நிறைய. டப்பாவுல கை விட்டு எடுத்துக் கொடுக்கிற நட்டை வாங்கினவுடனே அங்கேயே ஒவ்வொண்ணா ஸ்டட்டுல கையால ஏத்திப் பாருங்க.

2024 ஜூன் 17

மேல சொன்னதுக்கு ஒரு இணைப்பு. பீஜோ, ஃபியட் வச்சிருக்கிறவங்களுக்கு ஹப் துளையே எம்12, 1.25 பிட்ச். 1.5 ஸ்டட்டைக் கொடுத்து "இது எல்லாத்துக்கும் பொருந்தும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புதுசா வர்ற வொக்ஸ்வேகன், அவுடி எம்14, 1.5. ரெண்டு முனையும் ஒரே அளவா உள்ள ஸ்டட்டும் உண்டு, ஹப் பக்கம் 14, நட் பக்கம் 12னு படி வச்சதும் உண்டு. படி வச்சது நட் வாங்க வசதி. ஆனா கம்பெனி எம்14 போட்ட காருக்கு எம்12ன்னு குறைக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

2024 ஜூலை 7

போட்ட முறையைக் கேட்டவங்களுக்கு. ஜூலை மழையில தகரக் கொட்டகைக்குள்ள வச்சுச் செஞ்ச வேலை.

பிரேக் கிளீனரை ஒவ்வொரு துளையிலும் அடிச்சு, 12 x 1.5 டேப்பை (துளைக்குள்ள மரை வெட்டுற கருவி) கையால மட்டும் விட்டு மரையைத் துப்புரவு பண்ணினேன். டேப் வெட்டக் கூடாது, அழுக்கைத் தள்ளினா போதும். எங்கயாவது இறுகினா நிறுத்திட்டுத் திரும்ப எடுத்துத் துடைக்கணும். திரும்பவும் கிளீனர். எண்ணெய்ப் பசை இருந்தா மரைப் பசை பிடிக்காது.

ஆழம். முதல்ல பழைய போல்ட்டை வீலோட சேர்த்துப் போட்டு எத்தனை சுத்துல இறுகுதுன்னு எண்ணிக்கணும். ஸ்டட்டும் ஹப்புக்குள்ள அவ்வளவு சுத்தாவது இறங்கணும். எப்படியும் 12 மில்லிமீட்டருக்கு, அதாவது 1.5 பிட்ச்சுல எட்டுச் சுத்துக்குக் குறையவே கூடாது. நட் ஸ்டட்டுல ஏறுறதுக்கும் அதே எட்டுச் சுத்து.

குறைஞ்சா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்துங்கிறது பின்பக்கத்துல தெரியும். டிஸ்க் பிரேக் உள்ள ஈ36ல, பழைய பென்ஸ்லயும், பின் டிஸ்கோட கிண்ணத்துக்குள்ள ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கு. ஸ்டட் ஹப்பைத் தாண்டி உள்ள நீட்டிக்கிட்டு இருந்தா ஷூவையோ அதோட ஸ்பிரிங்கையோ போய் உரசும். ஒவ்வொரு ஸ்டட்டும் போட்டப்புறம் ஹப்பைக் கையால ஒரு முழுச் சுத்து சுத்தி, காதைக் கிட்ட வச்சுக் கேட்டேன். பெயாரிங் ஓடுற சத்தம் தவிர எதுவும் கேட்கக் கூடாது. மலைப்பக்கம் காரை நிறுத்தினா ஹேண்ட்பிரேக்தான் உயிர். அதுல விளையாடக் கூடாது.

பசையை ஹப் பக்க மரைக்கு மட்டும், நாலஞ்சு மரைக்குத்தான் தடவணும். ஸ்டட்டை நுனியில இருக்கிற ஆலன் துளையைப் பிடிச்சு, கை இறுக்கத்துக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். ஸ்டட்டை 110க்கு இறுக்குற ஆட்களும் இருக்காங்க, அது தப்பு. இறுக்கம் நட்டோட வேலை. ஆலன் துளை இல்லாட்டி ரெண்டு நட்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணு பூட்டி அதைப் பிடிச்சுத் திருகலாம். ஒரு நாள் முழுக்கக் காய விடணும். நம்ம குளிருக்கு அதைக் குறைக்காதீங்க.

அப்புறம் வீலை மாட்டி, நட்டை எல்லாம் கையால ஏத்தி, நட்சத்திர வரிசையில ரெண்டு தடவையா டோர்க் ரென்ச்சால (இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனர்) 110. கண்டி போய்ச் சேர்ந்ததும், வீல் ஆறினப்புறம், திரும்பவும் ரென்ச் வச்சுப் பார்த்தேன். ரெண்டு நட் கொஞ்சம் நகர்ந்துச்சு. புது வாய் உட்காரும்போது அது சகஜம்.

2024 ஜூலை 9

விலகின பேச்சுதான், ஆனா பாதுகாப்பு விஷயம். லொறி வீல்ல கை வைக்கிறவங்க: பழைய ஜப்பான் லொறிகள்ல இடது பக்க வீல் நட் இடது மரை. வழக்கத்துக்கு எதிரா சுத்தினாத்தான் கழலும். ஸ்டட் நுனியில எல், ஆர்னு எழுத்து அடிச்சிருக்கும், துருவைச் சுரண்டிப் பார்த்தா தெரியும். தேயிலைக் கொழுந்து லொறியில வேலைக்குப் புதுசாச் சேர்ந்த என் மச்சான், குழாயை மாட்டி அதுமேல ஏறி நின்னு இறுக்கிக்கிட்டு இருந்திருக்கான், கழட்டுறதா நினைச்சு. ஸ்டட் ஒடிஞ்சு, குழாயோட விழுந்து முழங்கையில தையல். நம்ம கார்ல அந்தச் சிக்கல் இல்ல, எல்லாப் பக்கமும் வலது மரைதான்.

2024 ஆகஸ்ட் 25

கொஞ்ச நாள் ஓட்டினதுக்கப்புறம் மனசுல பட்ட ரெண்டு மாற்றம்.

பசை. எந்தப் பசைன்னு ஜூலையில எழுதல. சாதாரணப் போத்தல் பலதுல 150 பாகை வரைக்கும்னு போட்டிருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்க இருந்து றம்பொடை, புசல்லாவை வழியா கம்பளைக்கு இறங்கி வர்ற பாதையில பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் அதைவிட எவ்வளவோ கூடச் சூடாகும், அந்தச் சூடு மெல்ல ஹப்புக்கும் ஏறும். அதனால உயர் வெப்பத்துக்குன்னு விக்கிற பசையைப் பார்த்து வாங்குங்க, 230 பாகை வரைக்கும் தாங்குறது உண்டு. வீண் செலவுன்னு ஒரு நண்பர் சொல்றார். நட் இறுகியிருக்கும்போது ஸ்டட் எங்கயும் போகாதுங்கிறது உண்மைதான். பசைக்கு வேலை வர்றது கழட்டும்போதுதான். ஆனாலும் நம்ம இறக்கங்களுக்கு நான் அதைத்தான் போடுவேன். கூடவே, செகண்ட் கியர்ல இறங்குங்க. அதுக்குக் காசு இல்ல.

நட்டோட மூடி. நுனி மூடின நட் பார்க்க அழகு, மழைத் தண்ணி உள்ள போகாது. நானும் அதைத்தான் விரும்பினேன். இப்போ வாய் திறந்த நட்டுக்குத்தான் என் வோட்டு. காரணம் ஸ்பெயார் வீல். என் அலோய் ரிம் தடிப்பானது, அதுக்கேத்த நீளத்துல ஸ்டட். டிக்கிக்குள்ள இருக்கிற தகர ஸ்பெயார் மெல்லிசு. அதைப் போட்டு மூடின நட்டை இறுக்கினா, நட் வீலைத் தொடுறதுக்கு முன்னாடியே அதோட மூடி ஸ்டட் நுனியில போய் முட்டிடும். ரென்ச் 'கிளிக்'னு சொல்லும், நட் கல்லு மாதிரி இருக்கும், வீல் மட்டும் ஆடும். ராத்திரி, பனிமூட்டத்துல, டோர்ச் வெளிச்சத்துல வேலை செய்யிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஸ்டட் போட்டவங்க வீட்டு முத்தத்துல வச்சே ஸ்பெயாரை நாலு மூலையிலயும் மாட்டிப் பாருங்க. திறந்த நட்டுல ஸ்டட் வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், துருப்பிடிக்கும். பிடிக்கட்டும், மாசத்துக்கொரு தடவை கம்பி பிரஷ் போட்டுக்கலாம்.

ஸ்பேனரையும் பாருங்க. பிஎம்டபிள்யூ போல்ட் தலை 17. புது நட் பெரும்பாலும் 19 இல்லாட்டி 21. காரோட வந்த ஸ்பேனர் இனி உதவாது, சரியான சொக்கெட் ஒண்ணு டிக்கியில இருக்கணும்.

2024 நவம்பர் 24

பதுளையில வடகீழ் மழை தொடங்கினதும் அங்க இருந்து ரெண்டு கேள்வி.

"நட்டைக் கழட்டினா ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வருது." நட்டும் ஸ்டட்டும் துருவால ஒட்டியிருக்கு, ஹப் பக்கப் பசை அதைவிடப் பலவீனமா இருக்கு. அதை அப்படியே போல்ட் மாதிரி திரும்ப ஏத்தி ஓட்டாதீங்க. ஹப்புக்குள்ள எத்தனை சுத்து இறங்குதுன்னு அப்போ உங்க கையில இல்ல. வைஸ்ல பிடிச்சு நட்டைப் பிரிச்சு, மரை நல்லா இருந்தா துப்புரவு பண்ணி, புதுப் பசையோட போடுங்க. மரையில சந்தேகம் வந்தா புது ஸ்டட்.

"நட் எல்லாம் கழட்டியாச்சு, வீல் வர மாட்டேங்குது." ரிம்மோட நடுத் துளை ஹப் மூக்குல (ஹப் நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதி) துருவால பிடிச்சிருக்கு. ஈ36ல அது 72.6 மில்லிமீட்டர், ரொம்ப நெருக்கமான பொருத்தம். ஒரு நட்டை ரெண்டு மூணு சுத்துல விட்டுட்டு, டயரோட பக்கவாட்டுல உள்ளங்காலால உதைங்க. நட் இருக்கிறதால வீல் உங்க மேல வந்து விழாது. காருக்கு அடியில படுத்து உதைக்கிறது மட்டும் கூடவே கூடாது. அப்புறம் மூக்கைச் சுரண்டி மெல்லிசா கொப்பர் கிரீஸ் தடவுங்க. மூக்குக்கு மட்டும், மரைக்கு இல்ல.

2025 பெப்ரவரி 9

இறக்குமதி திறந்தாச்சு, இனிப் பழைய காருக்கு இவ்வளவு மெனக்கெடணுமான்னு ஒருத்தர். புதுக் கார் விலையைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. மலைப்பக்கம் இன்னும் பத்து வருசத்துக்கு இந்தப் பழைய கார்கள்தான் ஓடும், அதுகளோட ஹப் இனிப் புதுசா முளைக்காது.

புது பிஎம்டபிள்யூ இறக்குறவங்களுக்கு: அதுல எம்14, 1.25 பிட்ச், இறுக்கம் 140. ஈ36 சாமான் எதுவும் அதுக்குச் சேராது. உத்தரவாதம் இருக்கிற கார்ல கை வைக்காதீங்க, பென்ஸ் டூல் பையில வரும்னு முன்ன சொன்ன மாதிரி வழிகாட்டிப் பின் ஒண்ணு வாங்கிக்கிட்டா போதும்.

காரை விக்கும்போது ஸ்டட்டைக் கழட்டணுமான்னும் கேள்வி. வேண்டாம். ஆனா பழைய போல்ட் செட்டையும், ஸ்டட்டோட அளவு எழுதின ஒரு துண்டையும் வாங்குறவர் கையில கொடுங்க.

2025 ஏப்ரல் 13

சீசன் வந்தாச்சு. நுவரெலியாவில மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்க்கப் போறவங்க, பந்தயக் கார் நிறுத்தியிருக்கிற பக்கம் போய்ப் பாருங்க. பிறப்புல போல்ட் உள்ள கார்கள் பலதுல நீள ஸ்டட்டும் திறந்த நட்டும் இருக்கும். அவசரமா வீல் மாத்த வேண்டிய இடத்துல இருந்துதான் இந்தப் பழக்கம் தெருவுக்கு வந்துச்சு. ஆனா அவங்க ஸ்டட்டைத் தேயுற சாமானா வச்சிருக்காங்க. பந்தயத்துக்குப் பந்தயம் கழட்டிப் பார்ப்பாங்க, குறிப்பிட்ட ஓட்டத்துக்கு அப்புறம் தூக்கிப் போட்டுப் புதுசு போடுவாங்க. தெருவுல ஓட்டுற நாமளும் வருசத்துக்கொரு தடவையாவது மரையைப் பார்க்கணும். நட்டைக் கையால ஏத்தும்போது எங்கயாவது இறுகித் தளர்ந்தா அந்த ஸ்டட் நீண்டிருக்கு, மாத்திடுங்க.

2025 ஏப்ரல் 14

வருசப் பொறப்பு அன்னைக்கே பீட்டில் கேள்வி அனுப்பின வெலிமடை மாமாவுக்கு: அஞ்சு போல்ட் உள்ள பழைய பீட்டில்னா எம்12, 1.5. பின்னால வந்த நாலு போல்ட்டுன்னா எம்14, 1.5. ரெண்டுலயும் கம்பெனி தகர வீல் உருண்டை வாய், வெளியில வாங்குற அலோய் பெரும்பாலும் கூம்பு வாய், அதனால வீலைப் பார்த்துத்தான் நட் வாங்கணும். டிரம் பிரேக் வண்டின்னா உங்க துளை டிரம்லயே இருக்கு. அது வார்ப்பிரும்பு, டேப் விடும்போது பக்குவமாத் திருப்புங்க. ஸ்டட் உள்ள நீட்டி ஷூவுல படுதான்னு டிரம்மைக் கழட்டி உள்பக்கமாப் பாருங்க. டிரம்மைக் கழட்டின படமும் துளைக்குள்ள பிடிச்ச படமும் அனுப்புங்க, மரை எப்படி இருக்குன்னு பார்த்துட்டு நீளம் சொல்றேன்.